பாபின் இறங்கிய தண்ணீர்

வாளியிலிருந்து துள்ளி வெளியே வந்த பாபின் என்ற எலி, நீச்சல் மாஸ்டரின் கட்டைவிரலை நறுக்கென்று கடித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்டத் தையல் அறைக்கு ஓடியது. மிஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் மடியில் ஏறி ஒண்டிக்கொண்டது. தைத்துக்கொண்டிருந்த யாருடைய சட்டையையோ எடுத்து எலியைப் போர்த்தினாள். அதன் நடுக்கம் நிற்கும்வரை மாஸ்டர் பக்கம் திரும்பாமல் துடைத்துக்கொண்டே இருந்தாள். மாஸ்டருக்குக் கடிபட்ட இடத்தைவிட அதுதான் வலித்தது.

பாபின், ஊக்கு என்று தையல் சாமான்களின் பெயரில் இரண்டு எலிகள் அவளுக்கு. வெயிலில் அவை வாடிக் கிடந்ததைப் பார்த்து, தண்ணீரில் விளையாட விடலாம் என்று மாஸ்டர்தான் ஆரம்பித்தார். ஊரில் பாதிப் பேருக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய பாடம் ஒரே வரி: தள்ளிவிடு, தானாக வரும். பிள்ளைகள் தண்ணீரைக் குடித்து, அழுது, அவரைத் திட்டி, கடைசியில் நீந்தத்தான் செய்தார்கள். எலி எந்த மூலைக்கு என்று நினைத்து, நிறைந்த வாளியின் நடுவில் பாபினை விட்டார். வழுக்குச் சுவரில் நகம் பதியாமல் அது சறுக்கிச் சறுக்கி விழுந்தபோது, நன்றாகக் கைகால் அடிக்கிறது என்று ரசித்துக்கொண்டு வேறு நின்றார்.

"என்னையும் இப்படித்தான தள்ளிவிட்டீங்க," என்றாள் கடைசியில். "இனிமே இந்த ரூமுக்குள்ள வராதீங்க."

கல்யாணமான புதிதில் நடந்தது அது. குளத்தைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய், விளையாட்டாக ஒரு தள்ளு. அதற்குப்பின் அவள் அந்தப் பக்கமே போனதில்லை. நீச்சல் மாஸ்டர் பெண்டாட்டிக்கு நீச்சல் தெரியாது என்று தெருவே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தவர்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

அவர் தலை தெரிந்தாலே பாபின் துணிக்குவியலுக்குள் புகுந்துகொண்டது. ஊக்கும் விஷயம் கேள்விப்பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. குளத்தில் எல்லாரும் வணக்கம் வைக்கும் மனிதருக்கு வீட்டில் எலிகூட மதிப்புக் கொடுக்கவில்லை. மனிதர் ஆடிப்போனார். இந்த இரண்டும் தன்னிடம் வந்தால்தான் அவளும் இனித் தன்னை நம்புவாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அறை வாசலுக்கு வெளியே ஒரு தட்டை வைத்தார். நகம் நனையுமளவு வெதுவெதுப்பான தண்ணீர், அதில் நாலைந்து பட்டாணி. பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டார். விசில் ஊதியே பழகிய வாய்க்கு அது பெரிய தண்டனை. முதலில் ஊக்கு வந்து ஒன்றைத் திருடிக்கொண்டு ஓடியது. மறுநாள் பாபின் எட்டிப்பார்த்தது. போகப்போகத் தட்டு பேசின் ஆனது, தண்ணீர் ஏறியது. எலிகள் இறங்கி ஏற ஒரு சாய்வுப் பலகை வைத்தார். பலகை வழுக்குமே என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பின்னாலேயே முரட்டுத் துணியில் தைத்த உறை ஒன்று அவர் காலடியில் வந்து விழுந்தது. அதை அவர் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பாபின் பலகை நுனிவரை வந்து நின்றது. பட்டாணி நடுவில், ஆழத்தில் கிடந்தது. ஒரு விரல் பட்டால் போதும், எலி தண்ணீருக்குள். மாஸ்டரின் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்தார். பாபின் திரும்பி நடந்தது.

"பரவால்லடா, போ," என்றார் மெதுவாக.

பாபின் நின்றது. மீசை துடித்தது. திரும்பி வந்து, யாரும் சொல்லாமல், தானாகத் தண்ணீரில் இறங்கியது. வாலைத் துடுப்பாக வளைத்து, மூக்கை நிமிர்த்தி, நீந்தியேவிட்டது. தலையை முக்கிப் பட்டாணியைக் கவ்வியது. பலகைக்குப் போகவில்லை. அவர் நீட்டிய உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, அங்கேயே தின்ன ஆரம்பித்தது.

"வந்துட்டான்! நான் தொடவே இல்ல, அவனா வந்துட்டான்!"

குளத்தின் மறுகரைக்குக் கேட்கும் குரல் அது. கழுத்தில் அளவுநாடாவோடு அவள் வெளியே வந்தாள். அழுதுகொண்டே சிரிக்கும் கணவனைப் பார்த்தாள். பேசின் அருகே குந்தி உட்கார்ந்து, தண்ணீரில் விரல்களை விட்டுப் பார்த்தாள்.

"உங்க குளத்துல ஆழமில்லாத பக்கம் படி இருக்கா?"

"இருக்கு. கைப்பிடியும் இருக்கு."

"நீங்க என்னைத் தொடக்கூடாது."

அவர் தலையாட்டிவிட்டு, இப்போதே ஓரடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் முழங்கைவரை கையை உள்ளே விட்டாள். கழுத்திலிருந்து நழுவிய அளவுநாடாவின் நுனி தண்ணீரில் மிதந்தது. பலகையிலிருந்து குதித்த ஊக்கு, அதைப் பிடிக்க நீந்திப் போய்க்கொண்டிருந்தது.