கோட்டுக்கு மேலே ஓர் ஆள்

ஏழு பேரும் ஏறி அமர்ந்ததும் வள்ளத்தின் வெள்ளைக் கோடு தண்ணீருக்குள் மறைந்தது. அரை விரலளவுதான். ஆனால் வள்ள ஓட்டப் போட்டிக்கு இன்னும் மூன்று நாள்களே இருந்தன. கோடு மறைந்த வள்ளத்தை ஓடவிடமாட்டார்கள்.

அந்தக் கோட்டைத் தீட்டுவித்தவர் பங்குச் சுவாமியார். முந்திய ஓட்டம் ஒன்றில், பாரம் மிகுந்த வள்ளமொன்று கவிழ்ந்து ஒருவர் இறந்திருந்தார். ஆகவே 1934 ஆடியில், ஒவ்வொரு வள்ளத்திலும் அதை ஓட்டும் ஏழு பேரையும் இருத்தி, தண்ணீர் தொட்ட இடத்தில் கோடு போடுவித்தார். அந்த வாரமே அவர்களுடைய ஊரான குருநகரில் நெருப்புக்காய்ச்சல் பரவியது. மாதா திருநாளும் ஓட்டமும் தைக்குத் தள்ளிப்போயின.

காய்ச்சலில் விழுந்தவர்களில் அந்த வள்ளத்தின் சுக்கான்காரன் மரியரட்ணத்தின் மகள் ஸ்ரெல்லாவும் ஒருத்தி. பதினெட்டாம் நாள் அவள் கண்ணே திறவாமற் கிடந்தபோது, அவன் நேர்த்தி வைத்தான்: ஓட்டத்தில் வென்று, மாதாவின் சுரூபத்தை ஏற்றி, சுக்கானைத் தன் கையாலேயே பிடித்து எதிர்க்கரைச் சிற்றாலயத்துக்குக் கொண்டுபோவதாக. வெல்லும் வள்ளமே மாதாவை ஏற்றும். ஓடியவர்களே அதில் போவார்கள்; விரும்பினால் ஒருவர் தன் இருக்கையை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்த இருக்கை ஓராண்டு ஆசீர்வாதம் என்பதால் எவரும் அதை விட்டுக்கொடுப்பதில்லை. ஸ்ரெல்லா பிழைத்துக்கொண்டாள். நேர்த்தி மிஞ்சியிருந்தது.

"கோடு தண்ணிக்கை தாண்டதுக்குக் காரணம் தெரியாதே?" என்றான் வள்ளத்தில் இருந்த சவிரிமுத்து. "நத்தார் விருந்திலை திண்ட பண்டியிறைச்சி இன்னும் கனிசியசின்ரை வயித்துக்குள்ளை கிடக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். கனிசியஸும் சிரித்தான். அவன் மரியரட்ணத்தின் மனைவி யசிந்தாவின் தம்பி. ஊரிலேயே பாரமான ஆள். காற்று வரும் பக்கமாக நீட்டிய பலகையின் நுனியில் அமர்ந்து, பாய் சாய்க்கும் வள்ளத்தை நிமிர்த்துவதே அவன் வேலை. பார்க்கிறவர்களுக்கு அது வேலையாகத் தெரியாது.

மீன் நிறுக்கும் தராசில் அவனை ஏற்றிப் பார்த்தார்கள். ஆடியில் நிறுத்தபோது இருந்ததிலும் நான்கு றாத்தல் குறைவு. பிறகு, மரம் தண்ணீர் குடித்திருக்கும் என்று வள்ளத்தைக் கரையில் ஏற்றி அடியைச் சுரண்டினார்கள். ஒரு பகல் முழுதும் வெயிலில் காயவைத்தார்கள். மறுநாள் இறக்கியபோதும் கோடு மறைந்தது.

மரியரட்ணம் வீட்டுக்கு வந்தபோது யசிந்தா கருவாட்டுக்குக் கடல்தண்ணீரில் மீன் ஊறவைத்துக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டபடியே பானைக்குள் உப்பை அள்ளிப் போட்டாள்.

"வள்ளத்திலை பிழையில்லை. உங்கடை தண்ணி மெலிஞ்சு போச்சு."

"தண்ணி மெலியுமோ?"

"ஆடியிலை இந்தப் பானைக்கு மூண்டு சுண்டு உப்புக் காணும். கடல்தண்ணியிலையே மிச்சம் கிடக்கும். மாரி மழை முழுக்கக் கடலுக்கை விழுந்த பிறகு நாலு சுண்டு போடுறன். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை."

அவன் கரைக்குப் போய் ஒரு கை தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தான். ஆடியில் நாக்கைச் சுடும் கடல், இப்போது கஞ்சித் தண்ணீர்போல் இருந்தது. உப்புச் செறிந்த நீர் வள்ளத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. உப்பிழந்த நீர் அதே வள்ளத்தைச் சற்றுக் கீழே விடுகிறது. கோடு பொய் சொல்லவில்லை. அது ஆடிமாதக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அரை விரல் ஏறக்குறைய ஓர் ஆளின் பாரம்.

மற்ற வள்ளக்காரரும் அதே சங்கடத்தில் இருந்தார்கள். காரணத்தை அவர்கள் தேடவில்லை, வள்ளத்துக்கொருவரை இறக்கிவிட்டார்கள். எல்லாரும் இறக்கியது பலகை ஆளைத்தான்.

"நாங்களும் அப்பிடியே செய்வம்," என்றான் சவிரிமுத்து. "கனிசியசு போனால் கோடு மட்டுமில்லை, வள்ளமே மேலை வந்திடும்."

மரியரட்ணம் கனிசியஸைக் கரையில் விட்டு, ஆறு பேருடன் ஒருமுறை ஓடிப் பார்த்தான். வாடைக்காற்று அன்று நன்றாகக் குளிர்ந்து வீசியது. கரையிலுள்ள கொடித்துணி ஆடியில் பறந்த அளவே பறந்தது. ஆனால் பாயில் விழுந்த அடி வேறாக இருந்தது. வள்ளம் சாய்ந்து விளிம்பால் நீரை அள்ளியது. பாயைச் சுருக்கித்தான் திரும்பினார்கள்.

"ஆடியிலை அடிக்கிற சோழகம் வெக்கையிலை இளகின காத்து," என்றான் அவன், கரையேறியதும். "இது இறுகின காத்து. கனமாய்த் தள்ளுது."

காற்றின் கனம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று பிரித்தறியும் கருவி அவனிடம் இல்லை. கனத்தின் பங்கு அவன் நினைத்ததிலும் சிறிதாக இருக்கலாம். ஆனால் தன்முன் நின்ற சிக்கலை அவன் சரியாகவே கண்டான்: தண்ணீர் ஓர் ஆளை இறக்கச் சொல்கிறது, காற்று அந்தப் பாரமான ஆளையே கேட்கிறது. இழுகயிற்றிலும் பாயிலும் நிற்பவர்களைக் குறைக்க முடியாது. மிஞ்சியது அவனுடைய இருக்கை. அருகிலிருந்து இழுகயிறு பிடிக்கும் சவிரிமுத்து சுக்கானையும் சேர்த்துப் பிடிப்பான். தன்னளவு நன்றாக அல்ல, ஆனால் பிடிப்பான்.

அன்று மாலை அதை யசிந்தாவிடம் சொன்னான்.

"நேர்த்தி?" என்றாள் அவள்.

"நான் ஏறினால் வள்ளம் வெல்லாது. வெல்லாத வள்ளத்திலை மாதா ஏறமாட்டா. எப்பிடிப் பாத்தாலும் என்ரை கை சுக்கானிலை இல்லை. வள்ளமாவது போகட்டும்."

அவள் ஸ்ரெல்லாவின் தலையைத் தடவிக்கொடுத்தாள். காய்ச்சலில் உதிர்ந்த முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

ஓட்டத்தன்று அவன் இடுப்பளவு நீரில் நின்று சுக்கானைத் தன் கையாலேயே மாட்டிக் கொடுத்துவிட்டுக் கரையேறினான். கோடு நீரின்மேல் நூலளவு தெரிந்தது. நான்கு வள்ளங்கள் புறப்பட்டன. வெளிக்காற்றுக்குள் போனதும் மூன்று பாய்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. நான்காவது முழுப்பாயுடன் போனது. பலகையின் நுனியில் கனிசியஸ் நீருக்கு மேலே மல்லாந்து கிடந்தான். திரும்பும் முனையில் சவிரிமுத்து வளைவை அகலமாக எடுத்து நேரத்தை வீணாக்கினான். கரையில் நின்ற மரியரட்ணத்தின் வலக்கை வெறுங்காற்றில் சுக்கானைத் திருப்பியது. அப்படியிருந்தும் அவர்கள் இரண்டு வள்ள நீளத்தால் வென்றார்கள்.

மறுநாட் காலை சுரூபம் கரைக்கு வந்தது. வாடை அடங்கியிருந்தது. ஆறு பேரும் இருந்த வள்ளத்தில் மாதாவை ஏற்றியதும் கோடு மறைந்தது. சுவாமியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து குனிந்து பார்த்தார்.

"ஓராள் இறங்கவேணும்."

ஒருவரும் அசையவில்லை. அந்த இருக்கையை யார் விடுவார்? மரியரட்ணம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்; கேட்பதற்கு அவனுக்கு உரிமை இல்லை.

பலகை கிறீச்சிட்டது. கனிசியஸ் தண்ணீரில் குதித்தான். கோடு நீருக்கு மேலே அரை விரலளவு வந்தது.

"அத்தான், ஏறுங்கோ. இண்டைக்குக் காத்துமில்லை, பலகையிலை எனக்கென்ன வேலை? என்ரை பாரத்துக்கு ஈடாய் மாதாவும் வருவா, நீங்களும் வருவியள். பண்டியிறைச்சி வீண்போகேல்லை."

"உன்ரை ஆசீர்வாதமடா."

"நான் கரையிலை நிண்டு வாங்கிறன். தராசு வைச்சே குடுக்கினம்? ஏறுங்கோ, சுவாமியார் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

சவிரிமுத்து எழுந்து இடம்விட்டான். மரியரட்ணம் ஏறி அமர்ந்தான். வள்ளம் மெல்லத் தாழ்ந்து, தண்ணீர் வெள்ளைக் கோட்டின் கீழ் விளிம்பைத் தொட்டு நின்றது. சுக்கானைப் பிடித்தான். மார்பளவு நீரில் நின்ற கனிசியஸ் வள்ளத்தின் பின்புறத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினான்.