சொல்பேச்சு கேட்காத ‘அக்கா’

காட்டில் திரியும் விசித்திர ஜந்துக்களைப் பிடித்து, பெயர் வைத்து, சண்டைக்கு விடுகிற வீடியோ கேம் அது. முதல் பதிப்பில் தான் பிடித்த முள்முதுகு ஜந்துவுக்குத் தம்பிக்காரன் ‘அக்கா’ என்று பெயர் வைத்திருந்தான். எதற்கெடுத்தாலும் சீறுமாம், அதனால்.

ஆபரேஷனுக்குப் போகும் முன் இருவரின் கையடக்க விளையாட்டுக் கருவிகளையும் ஒயரால் இணைத்து, அதைத் தன் அக்காவான மூத்தவளுக்கு மாற்றிக் கொடுத்தான். “பத்திரமா வச்சுக்கோ. ஆனா உன் பேச்சைக் கேக்காது. பிடிச்சவன் சொன்னாத்தான் கேக்கும்.” அன்றைய விதி அப்படி. அவன் வீடு திரும்பவில்லை.

ஜந்துவும் கேட்கவில்லை. ‘பாய்’ என்றால் குப்புறப் படுத்துக்கொள்ளும். ‘தடு’ என்றால் வேறெங்கோ பார்க்கும். பேக்கிங் வேலை முடிந்து, விரலெல்லாம் டேப் பசையோடு மூத்தவள் சோபாவில் உட்கார்ந்து கருவியைத் திறந்தால் போதும், அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வாள். “அப்படியே அவன்தான். குளிக்கச் சொன்னா இப்படித்தான் படுப்பான்” என்று சிரிப்பாள். அந்த வீட்டில் மிச்சமிருந்த சிரிப்பு அது ஒன்றுதான். அதற்காகவே மூத்தவள் வருஷக்கணக்காகக் கட்டளை போட்டு அவமானப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கருவியில் செருகும் கேம் கேசட்டுக்குள் இருந்த பட்டன் பேட்டரி சாகத் தொடங்கியது. ரிப்பேர் கடைக்காரர் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். “பேட்டரி போச்சுன்னா உள்ள இருக்கிறதும் போயிடும். நான் கை வச்சாலும் உத்தரவாதம் இல்லம்மா. புதுப் பதிப்புக்கு ஏத்திடுங்க. ஆனா ஏத்தினா ஏத்தினதுதான், திருப்பி இறக்க முடியாது.”

வேறு வழி? நடுவில் வந்த பதிப்புகளையெல்லாம் அலைந்து பிடித்து, எதிலும் நின்று விளையாடாமல் ஒவ்வொன்றாக ஏற்றினாள். புள்ளிப் புள்ளியாக இருந்த ஜந்துவுக்கு வண்ணம் வந்தது, பிறகு நிழல் விழுந்தது. போகப் போகக் கண் பெரிதாகி, முள் மழுங்கி, மடியில் வைத்துக் கொஞ்சலாம் போல ஆகிவிட்டது. விளையாட்டும் அப்படித்தான். முன்பு வழி தவறினால் தவறியதுதான். இப்போது அம்புக்குறி கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. யார் முகமும் வாடிவிடக் கூடாது என்று கேமைச் செய்தவர்கள் கங்கணம் கட்டிக்கொண்டார்கள் போலும்.

புதுத் திரையில் ‘அக்கா’ வந்து நின்றது. பிடித்தவன் பெயர் கீழே அப்படியே இருந்தது. அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

“சொல்லு, சொல்லு. படுக்கட்டும்.”

மூத்தவள் ‘பாய்’ என்று அழுத்தினாள்.

பாய்ந்தது.

‘தடு’ என்றாள். தடுத்தது. சிரிக்கத் திறந்த வாயை அம்மா இன்னும் மூடவில்லை.

“ஏன்டி கேக்குது?”

“விதிய மாத்திட்டாங்கம்மா. இப்ப யார் சொன்னாலும் கேக்குமாம்.”

பழைய கேசட் மேஜைமேல் காலியாகக் கிடந்தது.

“அப்ப அவன் போயிட்டான்” என்றாள் அம்மா. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத சொல் அது. எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

திரையில் ஜந்து அடுத்த கட்டளைக்காகப் பணிவாக நின்றது. மூத்தவள் ‘படு’ என்ற கட்டளையைத் தேடினாள். அப்படி ஒன்று இல்லவே இல்லை.