கேட்டுத் தொடு

நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு, கால்களைச் சற்றுப் பிடிக்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள். தேனுகா பிடித்தாள்.

தாய் கோணேஸ்வரியின் முழங்கால்கள் இரண்டும் பசை போட்டதுபோல ஒட்டிக் கிடந்தன. சாப்பாடு இறங்காமல், பேச்சும் நின்றுபோன உடம்பு. இன்றோ நாளையோ என்று டொக்டர் கைவிரித்துவிட்ட உடம்பு. அதற்குள் இவ்வளவு பலம் எங்கே ஒளிந்திருந்தது? சிறுநீர் அடைத்து அடிவயிறு கல்லாகியிருந்தது. குழாய் போட்டால் வலி குறையும். சின்ன வேலைதான்.

“அம்மா, ப்ளீஸ். விடுங்கோ. உங்கட நல்லதுக்குத்தானே.”

தேனுகா அழுத்தினாள். முழங்கால்கள் ஒரு விரலளவு விலகின.

கோணேஸ்வரி கத்தினாள். தமிழ் இல்லை. ஆங்கிலமும் இல்லை.

“பிற்றே! பிற்றே!”

குசினியில் ஏதோ விழுந்து உடைந்தது. அம்மாவின் பழைய சிநேகிதி யோகராணி அன்ரி ஓடி வந்தாள்.

“கையை எடடி! எடு எண்டுறன்!”

தேனுகா திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். வோபர்ன் பக்கத்து மரக்கறிக் கடையில் அழுகிய தக்காளியைத் தந்தால்கூட வாங்கிக்கொண்டு வருகிற மனுசி. அந்தத் தொண்டையிலிருந்தா இந்தச் சத்தம்?

நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள். ஓர் ஊசி போட்டால் அம்மா நித்திரையாகிவிடுவார். பிறகு குழாய் போடலாம். அவருக்குத் தெரியவே வராது. யோசித்துச் சொல்லுங்கள்.

யோகராணி தேனுகாவைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். உடைந்த கோப்பையிலிருந்து கஞ்சி தரையெல்லாம் ஓடியிருந்தது.

“அது ஜேர்மன், பிள்ளை. நீ சொன்ன அதே ப்ளீஸ்தான்.”

“அம்மாவுக்கு ஜேர்மன் தெரியுமோ?”

“அந்த ஒரு சொல்லுத்தான்.”

யோகராணி கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“எண்பத்தஞ்சில நானும் கொம்மாவும் ஒண்டா வெளிக்கிட்டம். கிழக்கு பேர்ளினில இறங்கி, ரெயினில மேற்குக்குப் போறதுதான் அப்ப எங்கட சனத்தின்ர பாதை. நான் ரிக்கெட் எடுத்துக்கொண்டு வாறன், ஸ்ரேஷனில ஆளைக் காணேல்லை. பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போயிட்டுது.”

“ஏன்?”

“தனியா நிண்டவாவாம். வேலையில்லாமல் ஸ்ரேஷனில நிக்கிற பெட்டையளுக்கு ஆம்பிளையளோட போய் வாற நோய் இருக்குமாம். சோசலிச நாடாம், ஆணும் பெண்ணும் சமமாம். ஆஸ்பத்திரியில ஒரு வார்ட், வெளியால பூட்டு. ஒவ்வொரு நாளும் விடியக் கட்டிலில ஏத்தி, ரெண்டு பேர் காலை இழுத்துப் பிடிக்க, டொக்டர் சோதிக்கிறது. ‘பிற்றே, பிற்றே’ எண்டு கெஞ்சுவாவாம். உன்ர நல்லதுக்குத்தான் எண்ட மாதிரி முதுகில தட்டிப்போட்டுச் செய்வினமாம். கிழமைக்கணக்கா.”

“நோய் இருந்ததோ?”

“ஒண்டுமில்லை.”

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“கொப்பர் சாகுமட்டும் தெரியாது. மேற்குக்கு வந்து சேர்ந்தண்டைக்கு என்னட்டை ஒருக்காச் சொன்னவா. பிறகு வாயே திறக்கேல்லை.”

தேனுகா குனிந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். மகன் பிறந்த அன்று அம்மா பிரசவ அறைக்குள் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கார்ப் பார்க்கில், பனிக்குள் நின்றாள். அதைத் தேனுகா எத்தனை தரம் குத்திக் காட்டியிருப்பாள்! பெண்களுக்கான சோதனைக்குக் கூப்பிட்ட போதெல்லாம் “பிறகு பாப்பம்” என்று அம்மா தட்டிக்கழித்தாள். படிக்காத ஆக்கள் மாதிரி வெட்கப்படாதேங்கோ என்று இவள் ஏசினாள். இரத்தப்போக்கை மறைக்க முடியாமல் போனபோது, கர்ப்பப்பை வாசலில் தொடங்கிய புற்றுநோய் எல்லா இடமும் பரவியிருந்தது.

ஊசி. அம்மாவுக்குத் தெரியவே வராது.

தேனுகா அறைக்குத் திரும்பினாள். வேண்டாம் என்று நர்ஸிடம் தலையசைத்தாள். வலிக்கான மருந்தை மட்டும் நாக்கின் கீழ் விடச் சொன்னாள். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டு, கட்டிலருகே முழந்தாளிட்டாள்.

“அம்மா, குழாய் இல்லை. ஒருத்தரும் பிடிக்கமாட்டினம். கதவு திறந்துதான் கிடக்கு. உங்கட கையை மட்டும் பிடிக்கட்டோ?”

தேனுகா தன் கையை விரித்தபடி கட்டிலில் வைத்துக் காத்திருந்தாள். வெகு நேரம் கழித்து, போர்வையை இறுக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று அவள் உள்ளங்கைக்குள் வந்தன. முழங்கால்கள் தாமாகத் தளர்ந்தன. கட்டில் விரிப்பில் ஈரம் மெல்லப் படர்ந்தது.

“போகட்டும் அம்மா. போகட்டும்.”

பொழுது சாய்வதற்கு முன் கோணேஸ்வரியின் மூச்சு நின்றது.

நர்ஸ் உறுதிப்படுத்திவிட்டுப் போனாள். யோகராணி வெள்ளைத் துணியில் ஒரு நாடா கிழித்துக்கொண்டு வந்தாள்.

“கால் விரலைக் கட்டவேணும். விறைச்சால் கால் அகண்டுபோயிடும். நான் கட்டட்டோ?”

“தாங்கோ அன்ரி.”

தேனுகா கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்தாள். நாடாவை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அம்மா, கட்டட்டோ?”

யோகராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேனுகா காத்திருந்தாள். பிறகு இரண்டு பெருவிரல்களையும் ஒன்றாகச் சேர்த்து, நாடாவைச் சுற்றி, நோகாமல் முடிச்சுப் போட்டாள்.