கடைசியாக வந்த வோய்டெக்

எடமலைப்பட்டி புதூர் மாதா கோயில் திருவிழாவில் ஸ்லோ சைக்கிள் ரேஸ். கடைசியாகக் கோட்டைத் தாண்டுபவருக்குத்தான் வெற்றி. கால் தரையில் பட்டால் அவுட். போலந்து மாப்பிள்ளை வோய்டெக்கும் பெயர் கொடுத்திருந்தார்.

“பதினோரு வருஷம் ரேஸ் ஓட்டி ஒண்ணுகூட ஜெயிக்கலையாமே மச்சான்! இதாவது தேறுமா?” என்று மைத்துனன் டோனி சீண்டினான்.

வோய்டெக் சிரித்தார். ஐரோப்பாவின் மலைப்பாதை சைக்கிள் பந்தயங்களில் அணிக்காக ஓட்டியவர்; ஜெயிப்பது அவர் வேலையாகவே இருந்ததில்லை. அணித்தலைவருக்குத் தண்ணீர் பாட்டில் சுமப்பார். எதிர்க்காற்றை மறைத்து முன்னால் ஓட்டுவார். தலைவர் பின்தங்கினால் மலைச்சரிவில் காத்து நிற்பார். அந்தக் குளிரும், புல்வெளி மாடுகளின் மணியோசையும், தன்னைக் கடந்து பறக்கும் கூட்டமும் நினைத்தால் இன்றைக்கும் இனித்தன. எல்லைக்கோட்டில் இரு கைகளையும் உயர்த்தும் பாக்கியம் மட்டும் ஒருமுறைகூட வாய்க்கவில்லை.

விசில் ஒலித்தது. டோனி நாலாவது அடியிலேயே கால் ஊன்றினான். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். மலைச்சரிவில் நின்றதைப் போலவே வோய்டெக் சைக்கிள் மேலேயே ஆடாமல் நின்றார். அவரோடு மிஞ்சியிருந்த உறையூர் தாஹா பொறுமையிழந்து முதலில் கோட்டைத் தாண்டிவிட்டான்.

“இனி கால் படாம வந்துட்டாப் போதும் மச்சான்!” என்று டோனியே கத்தினான்.

கோட்டை நெருங்கியதும் வோய்டெக் ஒரு கையை எடுத்தார். சைக்கிள் தள்ளாடியது.

“ஐயோ, கையை எடுக்காதீங்க!” என்று அலறினாள் மனைவி லிசி.

மற்றக் கையையும் எடுத்தார். நத்தை வேகத்தில், கோணல்மாணலாக, இரு கைகளையும் வானத்துக்கு உயர்த்தியபடி கோட்டைத் தாண்டினார். அதன் பிறகும் இறக்கவில்லை. டோனி ஓடிவந்து பிடிக்காவிட்டால் பலூன்காரர் மேல் விழுந்திருப்பார்.