புதன்கிழமை மட்டும் பேசாத ரேடியோ

பஞ்சாயத்து ரேடியோவைப் பார்த்துக்கொண்ட நாகராசு மேல் ஞானசெல்வி டீச்சருக்குச் சந்தேகம். மற்ற நாளெல்லாம் நாதஸ்வரம், செய்தி, உழவர் நிகழ்ச்சி என்று நன்றாகப் பாடுகிற பெட்டி, புதன்கிழமை ஏழு மணிக்கு மட்டும் சரியாக வாயை மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் செவ்வாய்க் கிரகத்துக்குக் கப்பலில் போகிறவர்களின் தொடர் நாடகம்.

ஆவூருக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில், 1958இல் அதற்காக ஏங்கிய ஒரே ஆள் அவள்தான். முதல் வாரம் அறுபது பேர் கூடினார்கள். "ஒரு பாட்டுகூட இல்லையே" என்று பாதிப்பேர் அடுத்த வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். நான்காம் வாரம் போனபோது, "பேட்டரி எறங்கிப் போச்சு டீச்சர்" என்றான் நாகராசு. ஐந்தாம் வாரமும் அதே பதில்.

ஆறாம் வாரம் அவள் அரைமணி முன்னாலேயே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். ஏழு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கையில் நாகராசு குனிந்து பேட்டரி வயரைப் பிடுங்கினான்.

"யாரு சொல்லிக் குடுத்தது? வானத்துக்குப் போறது பாவம்னு பேசுற மாதாகோயில் உபதேசியாரா?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "அய்யய்யோ, அவர் இல்லைங்க. கண்ணாத்தா அக்காவுக்காகத்தான்."

கண்ணாத்தாளின் மகன் கருப்பன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவன். பதினொரு மாதமாகக் கடிதம் இல்லை. மூன்றாம் வாரம், 'கப்பலோடு தொடர்பு அறுந்துவிட்டது' என்று ரேடியோ சொன்னதும் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்துவிட்டாளாம்.

"கதைதான்னு எவ்வளவோ சொன்னேன். செய்தி சொல்ற பெட்டிதானே சொல்லுச்சுங்குறாங்க."

ஞானசெல்வி அதையும் முழுசாக நம்பவில்லை. நேரே கண்ணாத்தாள் வீட்டுக்குப் போனாள். கண்ணாத்தாள் வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது ஒருத்தர் ஒக்காந்து எழுதுன கதை."

"கப்பலு காணாமப் போச்சுன்னு அவருக்கு யாரு சொன்னா?"

"மனசுல நெனச்சு எழுதுறதுதான்."

"நடக்காத ஒண்ண எதுக்கு டீச்சரம்மா நெனைக்கணும்?" கண்ணாத்தாள் கையிலிருந்த கடலையைக் கீழே போட்டாள். "அதுல போன ஆம்பளைங்களுக்கு ஆத்தா அப்பன் இல்லையா? ஒருத்தரும் அழுவலையே. அதான் சந்தேகம். எதையோ மறைக்கிறாங்க."

இத்தனை வாரம் அந்த நாடகத்துக்காக ஏங்கிய ஞானசெல்விக்கு அது தோன்றவே இல்லை. "அடுத்த புதன் எங்கூட வந்து ஒக்காருங்க. சந்தேகம் வந்தா அங்கயே கேளுங்க" என்றாள்.

அந்தப் புதன் நாகராசு வயரைத் தொடவில்லை. ஏழு மணிக்கு அறிவிப்பாளர் பேசினார். நேயர்களின் ஆதரவு போதாததால் தொடர் நிறுத்தப்படுகிறது. இனி இந்த நேரத்தில் சினிமாப் பாட்டு. முதல் பாட்டு கேட்டதுமே தெருவிலிருந்து ஆட்கள் பாயோடு வந்தார்கள்.

கண்ணாத்தாள் ஞானசெல்வியின் கையைப் பிடித்தாள். "அப்ப அந்தக் கப்பலு?"

"திரும்பி வந்துருச்சுக்கா."

"பெட்டி சொல்லலையே."

"நான் சொல்றேன்ல."

"சொல்றப்ப ஒங்க கண்ணு அங்கிட்டுல்ல போவுது?"

ஞானசெல்விக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாள் காலை வானொலி நிலையத்துக்கு ஒரு கார்டு எழுதினாள். நாடகம் பிடித்தது என்றெல்லாம் எழுதவில்லை. கப்பல் என்ன ஆனது என்று மட்டும் கேட்டிருந்தாள். எழுதியதை வாய்விட்டு இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்ட கண்ணாத்தாள், தபால் பெட்டிவரை கூடவே நடந்து வந்தாள்.