சாரதாம்பாள் பெயரில் எட்டு வருடம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருடம், குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளும்படி காஜா பேராங் வட்டாரத்தில் வீடு வீடாக வந்து சொன்னார்கள். பூங்காவனம் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவள். மலாக்காவுக்கு வந்து பதினோரு வருடம். இங்கேயே இருந்ததற்கு அத்தாட்சியாக, வேலை செய்யும் இடத்தில் ஒரு கடிதம் வாங்கிவரச் சொன்னார்கள்.

எளிதென்றுதான் நினைத்தாள். எட்டு வருடமாக, பத்து பெரெண்டாம் என்ற ஊரின் ரப்பர் ஆலையில் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கிறாள். கண்ட்ராக்டர் சுப்பையனின் லோரி தினமும் காலையில் முச்சந்திக்கு வந்து பதினைந்து பெண்களை ஏற்றிப் போகும்.

ஆலையில் கணக்கு எழுதும் கிராணி மாணிக்கவாசகம் பதிவேட்டைப் புரட்டினார். "உன் பேரு இதுல இல்லம்மா. நீங்கல்லாம் கண்ட்ராக்டர் ஆளுங்க. கம்பெனி எப்படிக் கடிதம் குடுக்கும்?"

சுப்பையனிடம் போனாள். "நான் ஆளு அனுப்புறவன். வேலை வாங்குறது கம்பெனி. அங்க கேளு" என்றான்.

இப்படியே மூன்று வாரம். நின்று நின்று வீங்கிய கால்களோடு வேலை முடிந்ததும் ஆபீஸ் வாசலில் நின்றாள். கிராணிக்கே பொறுக்கவில்லை. சுப்பையன் கொடுத்திருந்த ஆள் பட்டியலை எடுத்து வாசித்தார். பதினைந்து பெயர்கள். பதினைந்தாவது, சாரதாம்பாள்.

சாரதாம்பாள் பிரசவத்துக்குப் போனவள். திரும்பி வந்தபோது அவளுக்கு லோரியில் இடமில்லை. அந்த இடத்தில்தான் பூங்காவனத்தை ஏற்றியிருந்தான் சுப்பையன். பெயரை மாற்றவில்லை.

"சாரதாம்பாள்னே ஒரு கடிதம் வாங்கித் தர்றேன், எடுத்துக்கிட்டுப் போ" என்றான் சுப்பையன், பூங்காவனம் போய்க் கேட்டபோது.

"என் ஐசி கார்டுல பூங்காவனம்னு இருக்குண்ணே."

"அப்ப நான் என்ன பண்றது?"

தொழிலாளர் இலாகாவில் ராஜரத்தினம் என்ற அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"இந்த வேலையச் செய்யுன்னு சொல்றது யாரும்மா?"

"ஆலை மண்டோர்."

"சம்பளம்?"

"கண்ட்ராக்டர் கையில."

"ரெண்டு பேரையும் கேக்கலாம். ஆனா நீங்க அங்க வேலை செய்றீங்கன்னு யாராவது சாட்சி சொல்லணும்."

ஆலையில் பக்கத்து மேஜையில் நின்று தரம் பிரிக்கும் மீனாச்சியைக் கேட்டாள். மீனாச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் லோரியிலேருந்து எறக்கி விட்ருவாங்கக்கா" என்றாள். பூங்காவனத்துக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டியிருந்தது.

கடைசியில் மாணிக்கவாசகமே எழுதினார். "கம்பெனி பேர்ல முடியாது. என் பேர்ல எழுதுறேன். எட்டு வருசமா என் கண்ணால பாக்குறேனே" என்று சொல்லி, சத்தியப் பிரமாணமும் செய்துகொடுத்தார். குடியுரிமை கிடைத்தது.

அடுத்த திங்கட்கிழமை சுப்பையன் லோரியின் பின்கதவை அவள் ஏறுமுன் சாத்தினான். "உன்னால என்னை இலாகாவுல கூப்பிட்டு விசாரிக்கிறாங்க. இனிமே வராத."

மறுபடியும் இலாகா. அவள் எங்கள் ஆளே இல்லை என்றது ஆலை. அப்படியொரு பெயர் என் பட்டியலில் இல்லை என்றான் சுப்பையன்.

"வழக்கு போட்டா ஒரு வருசத்துக்கு மேல இழுக்கும்மா" என்றார் ராஜரத்தினம்.

"போடுங்கய்யா" என்று சொல்லிவிட்டு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஜாலான் பெண்டஹாரா வீதியில் ஒரு மசாலைக் கடையில் மிளகாய்க் காம்பு கிள்ளப் போனாள். வழக்குத் தவணை வந்த நாட்களில் மட்டும் கைகளை நன்றாகக் கழுவிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

பதினாலு மாதம் கழித்து மாணிக்கவாசகம் கடைக்கே வந்தார்.

"நீ ஆலைத் தொழிலாளிதான்னு தீர்ப்பாயிருச்சும்மா. திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொன்னாங்க."

"மீனாச்சி, மத்தவங்கல்லாம்?"

"அவங்க யாரும் கேஸ் போடலியே. உனக்கு மட்டுந்தான்."

அவள் இன்னொரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். மிளகாய் நெடியில் அவர் இரண்டு தடவை தும்மினார்.

"வரேன்யா" என்றாள். "அவங்க எப்படிக் கேஸ் போடணும்னு அந்த இலாகா ஐயாகிட்ட கேட்டுட்டு வரேன்."