பார்க்காமல் எழுத வேண்டிய வரிகள்

கிட்ட வாங்க கண்ணுங்களா, காலை நீட்டி உட்காருங்க. சுதந்திரம் என்றால் என்ன என்பதற்காகக் கூடப்பிறந்த இருவர் முட்டிக்கொண்ட கதை சொல்கிறேன்.

கணினித் திரையில் இருப்பதைச் சத்தமாக வாசித்துக்காட்டும் மென்பொருள் ஒன்றை அக்காவும் தம்பியும் ஒரே மேசையில் எட்டு வருஷம் எழுதினார்கள். பார்வை போன அப்பாவுக்காக ஆரம்பித்தது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றி ஊருக்குக் கொடுத்தால் அந்த மாற்றத்தையும் திறந்து காட்ட வேண்டும். அதுதான் உரிமம்.

பார்வையற்றோருக்கான வாசிப்புக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்று வந்தது. அந்த நிபந்தனையை எடுத்தால் லட்சம் கருவிகளில் போடுகிறோம் என்றது. எழுதிய இருவருமே சம்மதிக்க வேண்டும்.

"கையெழுத்துப் போடுக்கா. குடுத்துட்டுக் கயித்தையும் கையில வச்சிருந்தா அது சுதந்திரமா?"

"பூட்டுறவன் கையில சாவியைக் குடுக்கறதுதான் சுதந்திரமாடா? நாளைக்கு அது தப்பா வாசிச்சா எவன் திறந்து பார்ப்பான்?"

"லட்சம் பேர் காத்திருக்காங்க. உனக்கு உன் பிடிவாதம்தான் பெரிசு."

"உனக்கு அவன் கைதட்டல்தான் பெரிசு. போடா!"

அப்பா கத்தினார்: "யாரையும் கெஞ்சாம என் கடிதாசிய நானே படிக்கணும், எனக்கு அதுதான் சுதந்திரம். வாயை மூடுங்க, அது என்ன வாசிக்குதுன்னே கேக்கல!"

"மென்பொருள்ல நீ எழுதின வரியையெல்லாம் பிடுங்கிட்டுப் புதுசா எழுதிக்கிறேன்," என்றான் தம்பி.

அக்கா சிரித்தாள். "எழுதேன். ஆனா என் வரியைப் பார்க்காதவன்தான் எழுதணும். உனக்கு அதெல்லாம் தலைகீழ்ப் பாடம். காப்பி இல்லேன்னு யார் நம்புவா?"

கம்பெனி வக்கீலும் அதையேதான் சொன்னார். அக்காவின் பகுதியை முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். தம்பி தன் வரிகளைத் தந்துவிட்டு, அக்காவின் வரிகள் தெரிந்தவன் என்பதால் இனி அந்த மென்பொருள் பக்கமே வரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டான். கருவி வந்தது. பல பேர் தங்கள் கடிதங்களைத் தாங்களே படித்தார்கள். பெயர்களை மட்டும் அது கடித்துக் குதறியது. திருத்தத் தெரிந்த தம்பி, மற்றவர்களைப் போலப் புகார் எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தான்.

அக்காவுக்கு ஆத்திரம் ஆறவில்லை. தன்னிடமிருந்த பழைய மென்பொருளில், எழுதியவர் பட்டியலிலிருந்து அவன் பெயரை அழிக்க உட்கார்ந்தாள். அவன் வரிகள் உள்ளே இருக்கிற வரை பெயரை எடுக்கக்கூடாது என்று அவள் கட்டிக்காத்த உரிமமே சொன்னது. முதல் பெயரே அவனுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு, அதற்குக் கீழே தன் வேலையைத் தொடர்ந்தாள். இன்றுவரை பேச்சில்லை.

உங்கள் வீட்டில் சண்டை வந்தால் சாப்பாடு ஆறுவதற்குள் தீரட்டும், என் தங்கங்களே. கூடப்பிறந்தவர்கள் குரல் உங்கள் வாசலில் ஓயாமல் கேட்கட்டும்.